ஐந்து மணிக்கு மேல்

சாயங்காலம் என்று ஒன்று இருப்பதை ஜோன்ஸ் தன் நாற்பத்தேழாவது வயதில்தான் கண்டுபிடித்தான். அதற்கு முந்தைய இருபது வருஷமும், மீன்பிடித் துறைமுகத்தில் ஐந்து மணிக்கு ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவிப் பெட்டியில் போட்டானென்றால், அடுத்து அவனுக்குத் தெரிவது மறுநாள் காலை வெயில்தான். நடுவில் இருந்த பொழுதை யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போனமாதிரி இருக்கும். எடுத்துப் போனது எது என்று அவன் குடியிருக்கும் திரேஸ்புரத்தில் எல்லோருக்கும் தெரியும். டாஸ்மாக் கடையிலிருந்து வீடு வரைக்கும் அவன் விழுந்து எழுந்த இடங்களைத் தெருப் பிள்ளைகள் வரிசை மாறாமல் சொல்லும்.

விசைப்படகு இஞ்சின் மெக்கானிக்குகளில் அவனுக்கென்று தனிப் பேர் உண்டு. ஓடுகிற இஞ்சின் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்று கொஞ்ச நேரம் கேட்பான். "மூணாவது இன்ஜெக்டர் ஒழுகுது" என்பான். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான் ஒழுகும். எவ்வளவு குடித்தும் அந்தக் காது கெடவில்லை. கெட்டிருந்தால் ஒருவேளை யாராவது முன்னாலேயே தடுத்திருப்பார்கள். இஞ்சின் கிளம்பிய சந்தோஷத்தில் படகுக்காரர்கள் கூலியோடு ஒரு பாட்டிலும் வாங்கிக் கொடுத்தார்கள். அது துறைமுகத்து வழக்கம். அவனைக் கெடுக்கவேண்டும் என்று யாரும் கொடுக்கவில்லை.

அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் மனைவி கிளாடிஸ். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருந்தது. பாளையங்கோட்டைக்கு அந்தப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு மறுவாழ்வு இல்லம். நாற்பத்தைந்து நாள் என்றுதான் பேச்சு. நாள் முடிந்து அவன் பையைக் கட்டி வைத்திருந்தபோது கிளாடிஸ் போனில் சொன்னாள்:

"இன்னும் ஒரு ரெண்டு மாசம் இருந்துட்டு வாங்க."

அவன் காரணம் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. மார்ச் கடைசியில் அவள் வந்து கூட்டிக்கொண்டு பஸ் ஏறியபோதுதான் விளங்கியது. மகள் அனுஜாவுக்கு முந்தின நாள்தான் பிளஸ் டூ பரீட்சை முடிந்திருந்தது.

"பரீட்சைய நல்லா எழுதுனாளா?"

"நிம்மதியா எழுதுனா" என்றாள் கிளாடிஸ், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

வீட்டில் சாமான்கள் இடம் மாறியிருந்தன. முன்னறையில் அவன் வழக்கமாகச் சரிந்து கிடக்கும் மூலையில் ஒரு மேஜையும் அதன்மேல் அனுஜாவின் புத்தகங்களும் இருந்தன. ஆடுகிற கால் ஒன்றுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஆணி, சுத்தியலால் இரண்டு அடி. அவன் இருந்திருந்தால் அரை நிமிஷ வேலை. இருந்திருந்தால் அந்த மேஜையே அங்கே வந்திருக்காது என்பதும் அவனுக்குத் தோன்றியது.

அனுஜா எழுந்து நின்றாள். "சாப்பிட்டாச்சா?" என்றாள். அப்பா என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஆச்சும்மா."

பிறகு எங்கே உட்காருவது என்று தெரியாமல், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன்போல அவன் நின்றுகொண்டிருந்தான். கிளாடிஸ்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

முதல் வாரம், அவன் வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் கிளாடிஸுக்கு வாசலில் ஒரு வேலை இருந்தது. காலரில் நூல் ஒட்டியிருக்கிறது என்பாள். தோளில் தூசி என்பாள். கிட்டே வந்து கையால் தட்டிவிடுவாள். தட்டும்போது மூச்சை ஒரு நொடி உள்ளே இழுப்பாள். மூன்றாம் நாள் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. கோபம் வந்தது. கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு வாளி நிறையும்வரை அங்கேயே நின்றான். ஊதிக் காட்டச் சொல்லிக் கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. கேட்டு அவனைச் சிறுமைப்படுத்தக் கூடாது என்றுதானே இல்லாத நூலைத் தேடுகிறாள்! அடுத்த நாளிலிருந்து செருப்பைக் கழற்றியதும் அவனே அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஸ்ஸ்ஹா... என்னா வெயிலு இன்னைக்கு" என்று நீளமாக மூச்சு விட்டான். அவள் தலையை ஆட்டி, "ஆமா, நல்ல வெயிலு" என்பாள். மேகம் மூடிய நாளிலும் இது நடந்தது. இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

உடம்பு வேறு விதமாகப் படுத்தியது. பாதம் இரண்டும் மரத்துப்போய், தரையை மிதித்தால் துணியை மிதிப்பதுபோல் இருக்கும். இனிப்புக்கு நாக்கு அலைந்தது. பேக்கரியில் மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கினால் வீட்டு முனை வருவதற்குள் காலி. வாய் ஓரத்து முந்திரித் தூளைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைவான். புதன்கிழமைதோறும் மறுவாழ்வு இல்லத்திலிருந்து ஆலோசகர் பேச்சிச்செல்வி போன் பண்ணுவாள். முப்பது வயதுதான் இருக்கும். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்.

"இனிப்பு தின்னா தின்னுட்டுப் போறிய அண்ணாச்சி. மூணு மாசம் கழிச்சு அதைப் பாத்துக்கிடுவோம். சாயங்காலம் என்ன செய்யுதிய?"

ஜோன்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான்.

துறைமுகத்து வேலைக்கு அவன் இன்னும் திரும்பவில்லை. மத்தியானம் வரை பொழுது எப்படியோ போய்விடும். ஐந்து மணி ஆனதும் கடல் காற்று திரும்பும். மாதா கோயில் மணி அடிக்கும். தெருவில் ஆட்கள் முகம் கழுவிக்கொண்டு கிளம்புவார்கள். அவன் கைகால்கள் தாமாகவே எதற்கோ தயாராகும். கிளாடிஸ் மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறவள், ஆறரைக்குத்தான் வருவாள். அனுஜா மேஜையில் ஏதோ ஒரு புத்தகத்தில் குனிந்திருப்பாள். ஐந்து மணிக்கும் ஆறரைக்கும் நடுவே இவ்வளவு நேரம் இருக்கிறதா என்று அவனுக்குத் திகைப்பாக இருந்தது. கொடியிலிருந்து துணி எடுத்து மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்தேகால்.

ஒருநாள் அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு பிளாரன்ஸ் அக்கா ஒரு மிக்ஸியைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவனைத் தெருவில் வைத்து வாய்க்கு வந்தபடி ஏசியவர்களில் முதல் ஆள் அவள்தான்.

"ஏ ஜோன்ஸு, நீ இஞ்சின்தான் பாப்பியா, இதையும் பாப்பியா? கொழம்புக்குத் தேங்கா அரைக்கணும். போட்டா கர்ரு கர்ருன்னு கத்துதே தவிர ஒண்ணும் அரையமாட்டேங்குது."

ஜாருக்கு அடியில் இருந்த ரப்பர் தேய்ந்து போயிருந்தது. பழைய சாமான் பெட்டியைத் துழாவி, வேறொன்றைச் செதுக்கிப் பொருத்தினான். முக்கால் மணி நேரம் போனது அவனுக்குத் தெரியவில்லை. பிளாரன்ஸ் அக்கா அங்கேயே பிளக்கைச் சொருகி ஓட்டிப் பார்த்தாள்.

"சத்தமே கேக்கலியே! நான் வாங்குன அன்னைக்குக்கூட இப்படி ஓடலை" என்றாள். போகும்போது வாசலில் நின்று, "நான் ஒன்னைய ரொம்ப ஏசியிருக்கேன்" என்றாள்.

"எனக்கு நெனப்பில்லக்கா."

"எனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு வந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் எத்தனை பழுதான சாமான் இருக்கிறது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. மிக்ஸி, கிரைண்டர், சுற்றாத ஃபேன், நீராவி ஒழுகும் குக்கர். ஐந்து மணி ஆனால் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அனுஜா தன் மேஜையை ஜன்னல் ஓரமாக நகர்த்திக்கொண்டாள். சத்தம் தாங்காமல் நகர்த்தினாளா, அவன் உட்கார இடம் விட்டு நகர்த்தினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. மறுவாழ்வு இல்லத்தில், குடித்திருந்தபோது வீட்டாருக்குச் செய்ததையெல்லாம் எழுதச் சொல்லி நோட்டுக் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவனுக்கு நாலு வரிக்கு மேல் வரவில்லை. மறைக்கவில்லை, உண்மையிலேயே ஞாபகம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாடிஸ் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றான்.

"ஏளா, நான் என்னென்ன செஞ்சேன்னு எனக்குச் சொல்லுதியா?"

அவள் கை நின்றது. பிறகு மறுபடி கரைக்க ஆரம்பித்தாள்.

"எனக்கும் மறந்துபோச்சு" என்றாள்.

அவளுக்கு எதுவும் மறக்காது. கல்யாணத்துக்கு யார் என்ன நிறப் புடவை கட்டி வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லுவாள். ஜோன்ஸ் மாவுச் சட்டியைத் தூக்கி ஓரமாக வைக்க உதவிவிட்டு வந்தான்.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மெக்கானிக்குகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். முதலில் வந்து கூப்பிட்டவன் இஞ்ஞாசி. ஜோன்ஸின் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. ஒரு விசைப்படகின் சொந்தக்காரன். இருபது வருஷம் ஒன்றாகக் குடித்தவன். வந்தவன் வாசலிலேயே சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டு நின்றான்.

"இஞ்சின் செத்துக் கெடக்குல. புதுசு வாங்குன்னு எல்லாவனும் சொல்லுதான். நீ ஒரு தடவ வந்து பாத்துட்டு சொல்லு. நீ செத்துப்போச்சுன்னு சொன்னா நான் நம்புதேன்."

"வாரேன். ஆனா ஒண்ணு. பாட்டில் பேச்சு எடுக்கப்பிடாது."

"எடுக்கல." இஞ்ஞாசி தலையைச் சொறிந்தான். "அதில்லாம ஒங்கூட என்னத்தப் பேசன்னுதான் தெரியலல."

அது கேலி இல்லை. இரண்டு பேருக்குமே அந்தப் பயம் இருந்தது. இஞ்சின் அறையில் முதல் சில நாள் "பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு", "இந்தா" என்பதற்குமேல் பேச்சு நடக்கவில்லை. ஜோன்ஸுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. இருபது வருஷமாகக் காலையிலேயே ஒரு மடக்கு உள்ளே போனால்தான் கை நடுக்கம் நின்று வேலை ஓடும். தனக்குத் தெரிந்த வேலை தனக்குத் தெரிந்ததா, குடிக்குத் தெரிந்ததா? சிலிண்டர் ஹெட்டைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவியபோது கை ஆடவில்லை. உலோகத்தில் மயிரிழை அகலத்துக்கு ஓடியிருந்த கீறல் விரலுக்குத் தெரிந்தது. அவன் அப்படியே கொஞ்ச நேரம் விரலை அதன்மேல் வைத்திருந்தான்.

"என்னல, செத்துப்போச்சா?" என்றான் இஞ்ஞாசி.

"இல்லல. பொழைக்கும்."

மே மாதம் அனுஜா நல்ல மார்க் வாங்கினாள். கிளாடிஸ் கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாள். ஜோன்ஸ் மகளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், அவள் மேஜைக் காலுக்கு அடியில் இருந்த அட்டையை எடுத்துவிட்டு ஒரு கட்டையை அளந்து அறுத்து அடித்தான். அவள் மேஜையை ஆட்டிப் பார்த்து, "ம்" என்றாள்.

தடைக்காலம் முடிய நாலு நாள் இருந்தது. அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு இஞ்ஞாசியின் படகில் இஞ்சினை முதன்முதலாகக் கிளப்பினார்கள். படகில் வேலை செய்கிற ஆறு பேரும் கரையில் நின்றார்கள். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. முதலில் கறுப்புப் புகை, பிறகு சாம்பல், பிறகு ஒன்றுமே இல்லை. சீரான, சுத்தமான சத்தம். ஜோன்ஸ் தலையைச் சாய்த்துக் கேட்டான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தன் வாழ்நாளில் இதைவிட நன்றாக ஒரு இஞ்சினைக் கட்டியதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. இஞ்ஞாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைக் கட்டிப்பிடித்தான்.

பையன்கள் பாட்டிலைத் திறந்தார்கள். ஜோன்ஸுக்கென்று இஞ்ஞாசி தனியாகப் பன்னீர் சோடா வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்தான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. மனவருத்தம் எதுவும் இல்லை. துக்கத்துக்கும் கோபத்துக்கும் வேண்டாம் என்று சொல்ல அவன் ஆறு மாதமாகப் பழகியிருந்தான். சந்தோஷத்துக்கு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒரு கிளாஸ் ஊத்துல" என்றான்.

இஞ்ஞாசியின் முகம் மாறியது. "வேண்டாம்ல ஜோன்ஸ்."

"இன்னைக்கு மட்டும்."

இஞ்ஞாசி ஊற்றினான். இன்னொன்றும் ஊற்றினான். இரண்டாவது கிளாஸ் முடிந்தபோது, இஞ்சின் சத்தம் தனக்குக் கேட்கவில்லை என்பதை ஜோன்ஸ் கவனித்தான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருபது வருஷக் குடியிலும் கெடாத அவன் காதுதான் அன்று முதல் தடவையாக அதை விட்டுவிட்டிருந்தது. கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் பழைய பொய்கள் ஒவ்வொன்றாகத் துணைக்கு வந்தன. டீசல் வாடை என்று சொல்லலாம். பாக்கு மெல்லலாம். இருட்டும்வரை கடற்கரையில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த சாமான்கள்போலத் தயாராக இருந்தன. பாக்குப் பொட்டலம்கூட வாங்கிவிட்டான். கதவைத் தட்டினான். அனுஜா திறந்தாள்.

"அம்மா வந்துட்டாளா?"

"இல்ல."

அவன் படியிலிருந்து ஒரு எட்டுப் பின்னால் போய்த் தெருவில் நின்றான்.

"குடிச்சிட்டேன்மா. ரெண்டு கிளாஸு. நான் உள்ள வரல. அம்மா வந்ததும் வாரேன்."

அவள் கதவைச் சாத்துவாள் என்று நினைத்தான். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"பதினொண்ணாவது படிக்கையில..." என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்தது, மறுபடி ஆரம்பித்தாள். "பஸ் ஸ்டாப்புல கெடந்தீங்க. வேட்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். கூடப் படிக்கிற ஜெஸ்லின் என்கூட நின்னா. அவளுக்கு ஒங்களத் தெரியாது. 'ஏளா, யாரோ பாவம் கெடக்காவ, தண்ணி குடுப்போமா'ன்னு கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'யாரோ எவரோ, பஸ் வந்துட்டு வா'ன்னு சொன்னேன். உங்களத் தாண்டித்தான் பஸ் ஏறுனேன். ஒங்க கை மேல மிதிச்சிரக் கூடாதேன்னு பாத்துப் பாத்துத் தாண்டுனேன்."

ஜோன்ஸ் தன் கையைப் பார்த்தான்.

"அதை எத்தன தடவ கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கேன் தெரியுமா? சாமியாருக்கே அலுத்துப்போச்சு. நான் எதுக்குச் சொல்லணும்? நீங்கல்லா சொல்லணும்!"

"எனக்கு அது நெனப்பே இல்லம்மா."

"தெரியும். அதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. எனக்கு மட்டும் நெனப்பிருக்கு."

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லச் சாத்தப்பட்டது. பிளாரன்ஸ் அக்கா தனக்குச் சொல்லப்படாததைக் கேட்க விரும்பவில்லை போலிருந்தது.

"நீ தாண்டிப் போனது தப்பில்ல" என்றான் ஜோன்ஸ். "ஒனக்கு அன்னைக்கு ஸ்கூலுக்குப் போகணும். நீ போன. அதுல பாவம் ஒண்ணும் கெடையாது. இனிமே அதைச் சொல்லாத. நான் சொல்லுதேன்."

அவள் தாவணி முனையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "இப்ப எதுக்குச் சொன்னீங்க? எப்பவும்போல பொய் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"பொய் சொல்லத்தான் வந்தேன்." பையிலிருந்து பாக்குப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினான். "நீ கதவத் தொறந்துட்ட."

அனுஜா உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். பேச்சிச்செல்வியின் நம்பர் அவளிடம் இருந்தது அவனுக்கு அன்றுதான் தெரியும். ஸ்பீக்கரைப் போட்டுப் படியில் வைத்தாள். பேச்சிச்செல்வி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தன கிளாஸு? எத்தன மணிக்கு? சாப்பிட்டியளா?" என்று டாக்டர்போல வரிசையாகக் கேட்டாள்.

"எல்லாம் போச்சும்மா. அம்புட்டு நாளும் வீணாப் போச்சு" என்றான் ஜோன்ஸ்.

"அது எப்படி அண்ணாச்சி போவும்? அம்புட்டு நாளும் நீங்க குடிக்காம இருந்தது இருந்ததுதான். இன்னைக்கு ரெண்டு கிளாஸோட எந்திரிச்சு வந்தியள்லா, அது யாரு? நாளைக்குக் காலையில முத பஸ்ல ஏறி வாங்க. வெறும் வயித்தோட வராதிய."

கிளாடிஸ் ஆறரை மணிக்கு இறால் வாடையோடு தெரு முனையில் திரும்பியபோது, மகள் படியிலும் கணவன் எதிரே ஒரு கல்லின் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். ஜோன்ஸ் எழுந்து நின்று அவளிடமும் அதையே சொன்னான். அவள் சாப்பாட்டுத் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"நீங்களாச் சொன்னியளா, இவ கண்டுபிடிச்சாளா?"

"அவுங்களாத்தாம்மா சொன்னாங்க" என்றாள் அனுஜா.

கிளாடிஸ் இருவரையும் கடந்து உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரங்கள் படாத பாடு பட்டன. ஒரு மூடி உருண்டு போய்ச் சுற்றிச் சுற்றி அடங்குகிற சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் தட்டு இருந்தது.

"உள்ள வந்து சாப்பிடுங்க. பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு உண்மை வந்திருக்கு. அதைத் தெருவுல நிக்கவச்சா சோறு போட?"

மறுநாள் கிளாடிஸுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அனுஜாதான் கூடப் போனாள். ஜன்னல் ஓரம் அவள், இந்தப் பக்கம் அவன். கண்டக்டர் வந்து நின்றதும், "அப்பா, சில்லறை இருக்கா?" என்று கேட்டாள். அவன் சட்டைப் பை, கால்சட்டைப் பை, துணிப்பை எல்லாவற்றையும் துழாவினான். கையில் அகப்பட்ட சில்லறையை அவனால் சரியாகப் பார்க்க முடியவில்லை. கண்டக்டரே அவன் உள்ளங்கையிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து இஞ்ஞாசி வந்தான். உள்ளே வராமல் வாசல் படியருகே நின்று, "நாந்தாம்ல ஊத்துனேன்" என்றான்.

"நாந்தாம்ல கேட்டேன்."

"கேட்டாலும் ஊத்தியிருக்கப்பிடாது." கொஞ்ச நேரம் காலால் மணலைக் கிளறினான். "ஒரு ரோசனை சொல்லட்டா? இனிமே இஞ்சின் கிளப்புத வேலைய காலையில ஏழு மணிக்கு வையி. அந்நேரத்துக்கு எவன் பாட்டில் தொறப்பான்? தொறக்கணும்னாலும் கடை பன்னெண்டு மணிக்குத்தான்."

ஜோன்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அப்படியே செய்தார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் ஜோன்ஸ் கட்டிய இஞ்சின் என்றால் காலையில்தான் கிளம்பும் என்று ஆனது. அதில் ஏதோ ராசி இருக்கிறது என்று சில படகுக்காரர்கள் நம்பவும் ஆரம்பித்தார்கள். அவன் மறுக்கவில்லை. இஞ்சின் கிளம்பியதும் கரையில் எல்லோரும் டீ குடித்தார்கள். இஞ்ஞாசிக்கும் அவனுக்கும் மெல்ல மெல்லப் பேச்சும் வந்தது. இஞ்ஞாசிக்கு மூட்டுவலி இருப்பதும், அவன் இளைய மகன் கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படுவதும் இருபது வருஷம் பழகியும் ஜோன்ஸுக்குத் தெரிந்திருக்கவில்லை.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல முடியாது. பாதத்து மரமரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. சில நாள் காரணமில்லாமல் எரிந்து விழுவான். பிறகு தானே போய் அடுக்களை வாசலில் நிற்பான். தங்கை மகன் கல்யாணத்தில் கோயில் பூசை முடிந்ததும் விருந்துக்கு நிற்காமல் வீடு திரும்பினான். சொந்தக்காரர்கள் குறை சொன்னார்கள். சொல்லட்டும் என்று கிளாடிஸும் அவனோடு கிளம்பி வந்துவிட்டாள். அனுஜா கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள்.

இது நடந்தது போன பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்து, சின்ன வெங்காயம் உரிக்கிறேன் என்று முன்னறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள் கிளாடிஸ். ஜோன்ஸ் கொல்லையிலிருந்து வந்து பார்த்தபோது தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி அப்படியே இருந்தது. அவன் மண்டியிட்டு விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கத்தியை எடுத்தான்.

எழுந்திருக்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. இவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் வந்து விழுந்த பிறகுதான் அவள் படுப்பாள். அவன் எழுமுன்னே எழுந்துவிடுவாள். அவன் குடியை விட்ட பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. பகலில் தூங்குகிறவள் அவன் அறிந்த கிளாடிஸ் இல்லை. காதோரம் நரைத்திருந்தது. இடது புருவத்துக்கு மேல் சின்னதாக ஒரு தழும்பு. அது எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாது. கேட்டால் மறந்துபோச்சு என்பாள்.

தெரு முனையில் மீன்காரி முருகேஸ்வரியின் குரல் கேட்டது. நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். ஜோன்ஸ் செருப்புகூடப் போடாமல் ஓடினான். சுடுமணலில் துள்ளித் துள்ளி ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து அவளை மறித்தான்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா?"

"அதெல்லாம் இல்ல. தூங்குதா."

"யாரு, கிளாடிஸக்காவா? பகல்லயா?"

"ஆமா."

முருகேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி, ரகசியம் சொல்வதுபோல, "சாளை இருக்கு, ஊளி இருக்கு. எது வேணும்?" என்று கிசுகிசுத்தாள். சாளை வாங்கினான். அவள் அந்தத் தெரு முடியும்வரை வாய் திறக்காமலே போனாள்.

கொல்லையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் செதில் உரசினான். கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்துவிட்டு வந்த அனுஜா கொல்லைக் கதவைத் தள்ளப் போனபோது, செதில் ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டினான். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தாயை அப்படிப் பார்த்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எடுத்து வந்து வைத்திருந்த மீதி வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள்.

ஒன்றரை மணிக்கு உள்ளிருந்து கிளாடிஸின் பதறிய குரல் வந்தது.

"மணி என்ன? எங்க போனிய?"

"எங்கயும் போவல. இங்கனதான் இருக்கேன்."

பிறகு அவள் சிறு பிள்ளைபோலக் கேட்டாள்:

"இன்னும் கொஞ்ச நேரம் படுக்கட்டா?"

"படு" என்றான் ஜோன்ஸ். கையைக் கழுவிவிட்டு, அரிசி களைய எழுந்தான்.